எல்லைப் பகுதியில் குடிபெயர்ந்த குடும்பங்களும் மருத்துவ வசதியும்

மக்கள் நல்வாழ்வுத் துறையில் கேரள மாநிலம் பெற்றுள்ள முன்னேற்றம் நாடறிந்தது. 2023ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, அங்கு உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவை 5. அகில இந்திய அளவோ 25. எனினும், ஒரு மாநிலத்தின் சராசரி அதன் எல்லா மூலைகளின் நிலையையும் காட்டிவிடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருமருங்கிலும் தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களிலும், பாலக்காட்டுக் கணவாயில் வாளையாறு தொடங்கிக் கஞ்சிக்கோடு வரையிலான தொழிற்பகுதியிலும், வெளியிலிருந்து வந்து உழைக்கும் குடும்பங்கள் பல்லாயிரம் வாழ்கின்றன. அவர்களுக்கு, குறிப்பாக அவர்களின் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு, மருத்துவ வசதி எந்த அளவுக்குக் கைக்கெட்டும் நிலையில் உள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பகுதியில் மருத்துவமனைகளே இல்லை என்று யாரும் கூறிவிட முடியாது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மலைக்குக் கிழக்கே தேனியிலும், கணவாய்க்குக் கிழக்கே கோவையிலும் தமிழ்நாட்டு அரசின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. ஆயினும், நோயாளி ஒருவருக்கு மருத்துவம் பெறும் உரிமை எந்தப் பட்டியலில் உள்ள எந்தப் பெயரை ஒட்டி வருகிறது என்று கேட்டால்தான் சிக்கல் விளங்கும். ஓரிடத்தில் அது தோட்டத்தின் வருகைப் பதிவேடு. மற்றோரிடத்தில் குடும்ப அட்டை. வேறோரிடத்தில் தொழிலாளர் நலத் துறையின் பதிவு. குடும்பம் இடம் பெயரும்போது இப்பட்டியல்கள் உடன் பெயர்வதில்லை.

செக்ரோலில் உள்ள பெயர்

1877ஆம் ஆண்டு ஜூலையில் பூஞ்சாறு அரச குடும்பத்தினர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்கு உரிமையளித்ததிலிருந்து மூணாறு வட்டாரத்தின் தோட்ட வரலாறு தொடங்குகிறது. அடுத்துவந்த பத்தாண்டுகளில் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர்கள் மலையேற்றப்பட்டனர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. ஆகவே, நான்கைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை இன்று 'குடிபெயர்ந்தோர்' என்பது முற்றிலும் பொருந்தாது. இருப்பினும், அவர்களுடைய வீடும் மருத்துவமும் இன்றும் தொழிலைப் பற்றியே நிற்பதால், குடிபெயர்ந்தோரின் நிலையற்ற தன்மை அவர்களை விட்டு முற்றாக நீங்கவில்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இவ்வகையில் ஒரு மைல்கல். 1954 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், தொழிலாளர்களுக்கு மட்டுமின்றி அவர்தம் குடும்பத்தாருக்கும் மருத்துவ வசதி அளிக்கும் கடமையைத் தோட்ட உரிமையாளர் மீது சுமத்தியது. தோட்டத்து டிஸ்பென்சரி, அதற்கு மேல் குழு மருத்துவமனை, பிள்ளைக் காப்பகம் என்ற அமைப்பு இதன்வழி உருவாயிற்று. நாட்டின் பிற உழைப்பாளருள் பெரும்பாலோர்க்குக் கனவாயிருந்த ஏற்பாடு இது. மூணாற்றில் தோட்ட நிறுவனத்தின் மருத்துவமனை இன்றளவும் அப்பகுதியின் முக்கிய மருத்துவமனையாக விளங்குவது இம்மரபின் பயன் என்றே கொள்ளவேண்டும்.

ஆனால் இந்த அமைப்பில் ஒரு பலவீனமும் உடன்பிறந்தது. 'செக்ரோல்' என்று தொழிலாளர் சொல்லும் பதிவேட்டில் குடும்பத்தில் ஒருவரது பெயராவது இருக்கும் வரையில்தான் லயத்து வீடும் தோட்டத்து மருந்தும் உண்டு. தோட்டம் நட்டமடைந்து மூடப்பட்டால் வேலையோடு மருந்தகமும் மூடப்படுகிறது. 1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேடு வட்டத்தில் இதுவே நிகழ்ந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி அங்குப் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. லயங்களில் தங்கிவிட்ட குடும்பங்கள் கூலியை இழந்த அதே நாளில் மருத்துவரையும் இழந்தன. நலவாழ்வை ஒரு தொழிலின் இலாபத்தோடு பிணைத்தால், விலைச் சரிவு நேரும் காலத்தில் அந்தப் பிணைப்பு எவ்வாறு அறும் என்பதற்குப் பொருளியல் மாணவர்கள் பீர்மேட்டைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

லயங்கள் அமைந்துள்ள இடமும் கருதத்தக்கது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. செய்தி வெளியுலகை எட்ட மறுநாள் காலையாயிற்று. பெரியவாரைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்தமையால் மீட்பு வாகனங்களும் எளிதில் சென்றடைய முடியவில்லை. அத்தகைய பெருந்துயரம் அன்றாடம் நேர்வதன்று. ஆனால் அந்தப் பாதையில்தான் மகப்பேற்றுத் தாய்மாரும் காய்ச்சல் கண்ட குழந்தைகளும் மழைக்காலம் முழுவதும் செல்லவேண்டியுள்ளது.

இச்சட்டத்தின் ஏற்பாடுகள் இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டத்தில் அடங்கியுள்ளன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. உடன் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தோட்ட உரிமையாளர் விரும்பினால் தம் தொழிலாளர்களைத் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கவும் வழி செய்துள்ளது. இது வரவேற்கத்தக்கது. தோட்டம் நலிந்தாலும் காப்பீட்டுக் கழகம் நலியாது அல்லவா? ஆனால் 'விரும்பினால்' என்ற சொல் அங்கு இருப்பதையும் மறத்தலாகாது.

மலையேறி இறங்குவோர்

ஏலத்தோட்டங்களின் கதை வேறு. உடும்பஞ்சோலை வட்டத்தின் ஏலமலைகளுக்கு, தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், கம்பம், தேவாரம் வட்டாரங்களிலிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாகச் சென்று மாலையில் திரும்புகின்றனர். விளைந்த காய் ஏலத்திற்கு வரும் இடங்கள் இரண்டு: மேற்கே புற்றடி, கிழக்கே போடி. சரக்குக்கு மாநில எல்லை ஒரு தடையே அன்று. அச்சரக்கைப் பறித்தவருக்கோ அது ஒரு தடை.

ஒரு தொழிலாளியின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, இருட்டும் நேரத்தில் திரும்புகிறார். அவரது ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில் அவர் மலைமேல் இருக்கிறார். மலைமேலுள்ள நிலையத்திற்குச் செல்வதானால் அரைநாள் கூலி போகும். திரும்பும் ஜீப்பும் காத்திராது. மருத்துவரும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைத்தும், அவற்றைப் பெற அவர் தரும் விலை ஒருநாட் கூலி. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தம், நீரிழிவு நோய்களுக்கான மருந்து இல்லத்திற்கே கொண்டுவந்து தரப்படுகிறது. சிறந்த திட்டம். ஆனால் பணியாளர் பகலில் கதவைத் தட்டும்போது, மருந்துக்குரியவர் மலைக்கப்பால் காய் பறித்துக் கொண்டிருக்கிறார்.

காப்பீட்டிலும் இதே முரண்பாடு உண்டு. 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம், ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உதவுகிறது. மத்திய அரசின் பட்டியலில் உள்ள குடும்பங்கள் எம்மாநிலத்திலும் இதைப் பயன்படுத்தலாம். மாநிலங்கள் தம் நிதியில் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு இவ்வசதி தானாகக் கிடைப்பதில்லை. இதையன்றி, இத்திட்டம் புறநோயாளிச் சிகிச்சைக்கு உரியதும் அன்று. தோட்டத் தொழிலாளியை அடிக்கடி வாட்டுவன காய்ச்சல், தோல் நோய், மூட்டுவலி, மருந்தடிப்பால் வரும் தலைச்சுற்றல், பெண்களின் சோகை ஆகியவையே. இவற்றிற்காக யாரும் மருத்துவமனையில் படுக்கையில் சேர்வதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டுச் சோதனைச் சாவடிகள் மூடியபோது, ஏலத்தோட்டத்திலிருந்து சொந்த ஊர் திரும்பக் காட்டுவழியே இறங்கிய தேனி மாவட்டத் தொழிலாளர் குழு ஒன்று காட்டுத்தீயில் சிக்கியது. இறந்தோருள் ஒரு குழந்தையும் உண்டு. நோயைத் தடுக்க மூடப்பட்ட பாதை அது என்பதை நினைக்குந்தோறும் உள்ளம் கனக்கிறது.

வடக்கிலிருந்து வந்தோர்

மூன்றாவது பிரிவினர் அண்மைக் காலத்தில் வந்தவர்கள். அசாம், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்கம், ஒடிசா மாநிலங்களைச் சேர்ந்த இவர்கள் ஏலத்தோட்டங்களிலும், தேயிலைத் தோட்டங்களிலும், கஞ்சிக்கோட்டின் இரும்பு உருக்கு ஆலைகளிலும் பணியாற்றுகின்றனர். கேரளத்தில் இத்தகையோர் சுமார் 25 இலட்சம் பேர் இருக்கலாம் என்று குலாட்டி நிதி, வரிவிதிப்பு நிறுவனம் 2013ஆம் ஆண்டில் மதிப்பிட்டது.

இவர்களுக்கெனத் திட்டம் வகுத்ததில் கேரளம் பிற மாநிலங்களுக்கு முன்னோடி என்பதைத் தயக்கமின்றிக் கூறலாம். 2010இல் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தின் வழியாக ஒரு நலத் திட்டம் வந்தது. 2017இல் 'ஆவாஸ்' காப்பீடு அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் 15,000 ரூபாய் வரை மருத்துவ உதவியும், விபத்தில் இறந்தால் 2 இலட்சம் ரூபாயும் அதில் அடங்கின. 2019இல் கஞ்சிக்கோட்டில் 'அப்னா கர்' எனும் 620 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் 'அதிதி' என்னும் இணையவழிப் பதிவு தொடங்கிற்று.

இத்திட்டங்கள் யாவும் ஓர் உருவத்தை மனத்திற்கொண்டு அமைந்தவை: குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்த, பதினெட்டு வயது நிரம்பிய ஆண் தொழிலாளி. விடுதியில் அவருக்குப் படுக்கை உண்டு; மனைவி மக்களுக்கு இடமில்லை. ஆவாஸ் அட்டை 18 முதல் 60 வயது வரையிலான தொழிலாளருக்கு உரியது. கஞ்சிக்கோட்டு ஆலைகளைப் பொறுத்தவரை இவ்வுருவம் பெரிதும் சரியே. பதிவு பெற்ற ஆலைத் தொழிலாளிக்குக் காப்பீட்டுக் கழக மருத்துவமும் உண்டு. ஒப்பந்தக்காரரின் கீழ்ப் பதிவின்றிப் பணியாற்றுவோர் நிலைமை அவ்வாறன்று.

ஏலமலையில் இவ்வுருவம் அடியோடு மாறுகிறது. அங்கு வருவது குடும்பம். கணவன், மனைவி, தங்கை, பிள்ளைகள் எனப் பறிப்புப் பருவத்திற்கு வந்து, அடுத்த தோட்டத்திற்கு நகர்ந்து, திருவிழாவுக்கு ஊர் சென்று மீள்கின்றனர். ஏலத்தோட்டங்களில் பெரும்பாலானவை சிறு உடைமைகள். 1951ஆம் ஆண்டுச் சட்டம் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்களைத் தீண்டவில்லை. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களிடை இடம்பெயர் தொழிலாளர் சட்டம், இலவச மருத்துவ வசதியை ஒப்பந்தக்காரரின் கடமையாக்கியது. ஆனால் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்ட இடம்பெயர் தொழிலாளர் உள்ள இடங்களில், ஒப்பந்தக்காரர் வழி வந்தோருக்கே அது பொருந்தியது. அதன் இடத்தில் இப்போது வந்துள்ள தொகுப்புச் சட்டம் தாமே வந்தோரையும் சேர்த்துக்கொண்டுள்ளது; ஆனால் எண்ணிக்கை வரம்பைப் பத்தாக உயர்த்தியுள்ளது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்ததாக இதைச் சிலர் கூறக்கூடும். சிறு தோட்டங்களைப் பொறுத்தவரை அக்கூற்றை மறுப்பது எளிதன்று.

பள்ளிக்கும் அட்டைக்கும் இடையே

இம்மூன்று பிரிவினரிடத்தும் மிகுதியாகக் கைவிடப்படுவோர் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களே என்பது என் கருத்து. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட எந்த அங்கன்வாடியும் மறுப்பதில்லை. 'யு-வின்' இணையப் பதிவு வந்தபின் ஒரு மாநிலத்தில் போட்ட ஊசி மறு மாநிலத்திலும் தெரியவருகிறது. பதினெட்டைக் கடந்தவர் தொழிலாளி ஆகிறார். அவருக்கு ஏதோ ஓர் அட்டை கிடைக்கிறது. இடைப்பட்டோரைச் சென்றடையும் வாயில் பள்ளி ஒன்றே. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் 18 வயது வரையிலானோரை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பரிசோதிக்கிறது. 2014 ஜனவரி 7 அன்று தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயதினருக்கானது. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் தரப்படுகிறது. பள்ளி செல்லாப் பெண்களுக்கு அங்கன்வாடி வழியே தரப்பட வேண்டும்.

பருவத்தின் நடுவில் வந்து, மலையாளமோ தமிழோ அறியாது, பள்ளியில் சேராது நிற்கும் ஒரு பெண்ணை இவ்வாயில் எவ்வாறு அடையும்? பணி நிமித்தம் எல்லையோரச் சுகாதார நிலையம் ஒன்றில் சில மணி நேரம் அமர்ந்திருந்தபோது, ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு தாய் பதினைந்து வயது மகளை அழைத்து வந்தாள். மருத்துவர் அன்புடன் பார்த்தார். கடுமையான சோகை. மாத்திரையும் கொடுத்தார்கள், ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். பதிவேட்டில் 'வீட்டு எண்' என்ற பத்தி வந்ததும் எழுத்தரின் பேனா நின்றது. தோட்டத்தின் பெயரை எழுதலாமா என்று அவர் கேட்டார். அந்தத் தோட்டத்தில் அவர்கள் இன்னும் இரண்டு வாரமே இருப்பார்கள் என்று தாய் சைகையால் விளக்கினாள். அங்கு யாரிடமும் குறை காண இயலாது. பத்தியை அமைத்தவர் நகராத மனிதரை நினைத்து அமைத்திருக்கிறார்; அவ்வளவே.

தேயிலைத் தோட்டத்து இளைஞருக்கும் இடர்ப்பாடு உண்டு. பெற்றோரைப் போல் கொழுந்து பறிக்க விரும்பாமல் திருப்பூர், கோவை, எர்ணாகுளம் சென்று சில மாதம் உழைத்து, நோயுற்றால் லயத்திற்குத் திரும்புகின்றனர். தோட்டத்து மருந்தகம் அவரைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை. ஆலையின் காப்பீடு வேலையை விட்டதும் நின்றுபோகிறது.

எண்ணிக்கையில் வராத மக்கள்

திட்டமிடுவோர் கவனிக்கவேண்டிய ஒரு புள்ளிவிவரம் உண்டு. இடுக்கி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 11,29,221, 2011இல் 11,08,974. அதாவது, கணக்குப்படி அது குறைந்துள்ளது. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நமது அளவுகோல். கணக்கெடுப்பு நாளன்று அங்குக் குடியிருந்தோரை வைத்தே இவ்வளவுகோல் இயங்குகிறது. காலையில் வந்து மாலையில் இறங்குவோரும், பருவத்துக்குப் பருவம் வந்து செல்வோரும் இதில் அடங்கார். இதன் விளைவு, நோயாளியின் இடர்ப்பாட்டோடு நில்லாமல், எண்ணிக்கையில் வராத மக்களின் சுமையைத் தாங்கும் செவிலியர் மீதும் விழுகிறது. அவர்களது ஆண்டறிக்கையில் இச்சுமைக்கெனத் தனி வரி கிடையாது.

செய்யக்கூடியவை

புதிய மருத்துவமனை கட்டும் கோரிக்கையை நான் முன்வைக்கப் போவதில்லை. இருக்கும் நிலையங்களைத் தொழிலாளியின் நேரத்திற்கு ஏற்றவாறு இயக்குவதே முதற் படி. கேரளத்தில் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ்க் குடும்ப நல மையங்களாக மாற்றப்பட்ட நிலையங்களில் புறநோயாளிகளை மாலை 6 மணி வரை பார்க்கும் முறை வந்துள்ளது. ஏலமலையில் அதன் பயன் பெரிது. கிழக்கே போடியிலும் கம்பத்திலும் ஜீப்புகள் வந்து சேரும் நேரத்திற்குப் பின், இரவு எட்டு மணி வரை, வாரம் இரு நாட்களாவது ஒரு மருத்துவர் இருந்தால் போதும். இதற்குக் கட்டடச் செலவு ஏதுமில்லை.

அடுத்தது, தகவல் கைமாறுவது. எல்லைக்கு இருபுறமும் உள்ள வட்டார மருத்துவ அலுவலர்கள் காசநோய், கருவுற்ற தாய்மார், சோகையுள்ள இளம்பெண்கள் ஆகியோரின் பெயர்ப் பட்டியலை மாதந்தோறும் பரிமாறிக் கொள்ளலாம். ஒருவர் பாதியில் விட்ட மருந்தை மறுபுறத்தில் தொடர்வதற்கு வேறு வழி தென்படவில்லை. எர்ணாகுளம் மாவட்டத்தில் இடம்பெயர் தொழிலாளருக்கென இயங்கும் 'பந்து' நடமாடும் மருத்துவ ஊர்தி, அவர்கள் இருப்பிடத்திற்கே மருத்துவரைக் கொண்டு செல்கிறது. உடும்பஞ்சோலையின் சாலைகள் பேருந்துக்கு இடங்கொடா. அங்கு ஒரு ஜீப்பும், இந்தியும் தமிழும் பேசும் ஒரு செவிலியருமே தேவை. தொழிலாளர் சமூகத்திலேயே படித்த பெண்களைத் தேர்ந்து, ஆஷா பணியாளரைப் போல் ஊதியம் தந்து, மொழித் துணையாக அமர்த்தலாம்.

இளையோரைப் பொறுத்தவரை, பதிவின் அடிப்படையையே மாற்றவேண்டும். தொழிலாளியைப் பதிவு செய்யும்போதே உடன் வந்துள்ள பிள்ளைகளின் பெயரும் வயதும் எழுதப்பட்டு, அப்பட்டியல் தொழிலாளர் துறையோடு நின்றுவிடாமல் சுகாதார நிலையத்துக்கும் பள்ளிக்கும் சென்றால், பதினைந்து வயதுப் பெண்ணைத் தேடிச் செல்ல ஒரு முகவரியாவது இருக்கும். பிள்ளை வேலை செய்வதாகத் தெரிந்துவிடும் என்ற அச்சத்தால் உரிமையாளரும் பெற்றோரும் பெயரை மறைக்கக்கூடும் என்பது உண்மையே. ஆகவே இப்பதிவைச் சோதனை அலுவலரிடம் ஒப்படைக்காமல் செவிலியரிடம் ஒப்படைப்பது நலம்.

ஏலக்காய்ப் பறிப்பு மழை தொடங்கியபின் ஆரம்பித்து, தை மாதம் வரை நீளுகிறது. தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்களும் இருபுறத்துச் சுகாதார, தொழிலாளர் அலுவலர்களும் அதற்கு முன்னதாக, சித்திரை வைகாசியில், ஒருமுறை போடியிலும் ஒருமுறை குமுளியிலும் கூடினால், ஜீப்புகள் எந்நேரத்தில் ஏறி எந்நேரத்தில் இறங்குகின்றன என்ற விவரத்திலிருந்தே அவர்கள் பேச்சைத் தொடங்கலாம். ஜீப் ஓட்டுநர் சங்கத்தாரையும் அக்கூட்டத்திற்கு அழைப்பது பயன் தரும். யார், எங்கிருந்து, எந்தத் தோட்டத்திற்குச் செல்கிறார் என்பதை எந்த அலுவலகத்தையும் விட நன்கறிந்தவர்கள் அவர்கள்தாம்.